பமேலாவைக் கப்பலேற விடாமல் தடுக்க ஒரு வேண்டுகோள்

குனோங் ராபாட், ஈப்போ.
வெள்ளிக்கிழமை மத்தியானம்.

என்றும் என் மரியாதைக்குரிய எரிக் மச்சான் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை பெட்ரீசியாவைக் கைப்பிடித்த லூயிஸ் பணிவன்போடு எழுதுவது.

இங்கே மாதாவின் புண்ணியத்தில் நானும் பெட்ரீசியாவும் பிள்ளை பமேலாவும் சுகமாக இருக்கிறோம். அங்கே பாரிட் புந்தாரில் நீங்களும் அக்காவும் சுகமாக இருக்கவும், வயலுக்குத் தண்ணீர் நேரத்துக்கு வரவும், உங்கள் முழங்கால் வலி குறையவும் தினமும் செபமாலையில் நினைத்துக்கொள்கிறோம். முழங்காலைப் பற்றி இப்போது நான் விசாரிப்பதற்கு வேறு காரணமும் உண்டு. நீங்கள் அந்த முழங்காலோடு பஸ் ஏறி ஈப்போவுக்கு வரவேண்டியிருக்கிறது.

வாட்சாப் இருக்கும்போது இவன் எதற்குத் தாளில் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். குடும்பக் குழுவில் எழுதினால் உங்கள் தங்கை படிக்கிறாள். உங்களுக்குத் தனியாக எழுதினால் அக்கா படிக்கிறார், படித்ததும் உங்கள் தங்கைக்கு அனுப்புகிறார். எப்போதாவது நீங்களே படித்தாலும் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறீர்கள். போன மாதம் நான் கீழே விழுந்து இடுப்பில் அடிபட்டதாக எழுதியதற்கும் கட்டைவிரல்தான் வந்தது. இது கட்டைவிரலில் முடிகிற விஷயம் இல்லை, மச்சான். ஆகையால் தொழிற்சாலையில் இன்று அரைநாள் விட்டதும் நேரே வீட்டுக்கு வந்து, பெட்ரீசியா வேலையிலிருந்து திரும்புவதற்குள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நாளை மறுநாள் இல்லை, அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இங்கே வந்து, பமேலாவுக்கு ஞானத்தகப்பன் என்கிற முறையில், கப்பல் படிப்பு வேண்டாம் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நான் சொன்னால் கேட்கமாட்டாள். நீங்கள் சொன்னால் கேட்பாள், ஏனென்றால் இந்தக் குடும்பத்தில் அவளுக்கு இதுவரை ஒரு புத்திமதியும் சொல்லாத ஒரே ஆள் நீங்கள்தான்.

கப்பல் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

பமேலா இப்போது நாலாம் படிவம். அடுத்த வருஷம் எஸ்.பி.எம். பரீட்சை எழுதிப் பள்ளியை முடிக்கவேண்டும், அதன் பிறகு மேலே படிக்கவேண்டும். நம் வீட்டில் யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. எனக்குத் தெரிந்த மேற்படிப்பு ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் ஒன்றுதான். லகாட்டில் டைல்ஸ் தொழிற்சாலைச் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்கிற எனக்கு அது போதுமானதாக இருந்தது. பிள்ளைக்குப் போதாதல்லவா. என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டால் "ஓகே லா டேடி" என்பாள். சாப்பிட்டாயா என்று கேட்டாலும் அதேதான். பரீட்சை எப்படி, ஓகே லா டேடி. ஏன் முகம் வாடியிருக்கிறது, ஓகே லா டேடி. சின்ன வயதில் பல் துலக்கும்போதுகூட வாயை மூடாமல் பேசிக்கொண்டிருந்த பிள்ளை, மச்சான். பாரிட் புந்தாருக்கு வந்தால் உங்கள் கோழிகளோடு பேசியதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். இந்த இரண்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து மூன்று வார்த்தைக்கு மேல் வாங்க என்னால் முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் எங்கள் பங்குச் சாமியார், நாலாம் படிவப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பை முடிக்கவும் மேற்படிப்புக்குத் தயாராகவும் உதவிசெய்ய சனிக்கிழமை தோறும் மாதா கோயில் மண்டபத்தில் வகுப்பு வைக்கலாம், பொறுப்பெடுத்துக்கொள்ள யாராவது முன்வரவேண்டும் என்று பூசையில் அறிவித்தார். நான் எழுந்து நின்றேன். பெட்ரீசியா என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள், அப்படியும் நின்றேன். ஒரு கூட்டம் பிள்ளைகளுக்கு வழிகாட்டினால் அந்தக் கூட்டத்துக்குள் நம் பிள்ளையும் உட்கார்ந்துதானே ஆகவேண்டும் என்பது என் யோசனை. நல்லவேளையாகப் பமேலாவின் பள்ளியில் மாணவர் ஆலோசகராக இருக்கும் சரளா டீச்சர் துணைக்கு வந்தார். அவர் இந்து, ஆனாலும் எங்கள் மண்டபத்துக்குச் சாமியாரைவிட நேரத்தோடு வருகிறவர். தம் பள்ளிப் பிள்ளைகளையும் கூட்டிவந்தார். அதில் தீபன் என்று ஒரு பையன், ஆள் பெரிய உருவம், பசி அதைவிடப் பெரியது. ஷாமினி என்று ஒரு பெண், வழக்கறிஞர் ஆகப்போகிறவள், அதற்கு இப்போதே என்னிடம் வாதாடிப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

முதல் நாளைக்காகப் பேனர் ஒன்று அடித்தேன். 'உயர்கல்விக்கு வழிகாட்டி' என்று எழுதச்சொல்லிப் போனில் நானே தட்டி அனுப்பினேன். பேனர் வந்தது, நல்ல பெரிதாக, நல்ல சிவப்பில், 'உயர்கல்விக்கு வலிகாட்டி' என்று. கடைக்காரரிடம் சண்டைக்குப் போனால் அவர் நான் அனுப்பியதையே எடுத்துக் காட்டினார். சரளா டீச்சர் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இருக்கட்டும் சார். இதுவும் உண்மைதானே," என்றார். அன்றிலிருந்து பிள்ளைகள் என்னை வலிகாட்டி அங்கிள் என்றே கூப்பிடுகிறார்கள். பமேலாவும் சிரித்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, பேனரைப் பார்த்துத்தான் சிரித்தாள், ஆனாலும் சிரித்தாள்.

டீச்சர் எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லிக்கொடுத்தார். ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், பாலிடெக்னிக், டிப்ளோமா, எந்த வழியில் போனால் எங்கே போய்ச் சேரலாம், இப்போதே எந்தப் பாடத்தைக் கவனிக்கவேண்டும் என்று அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். நான் நடுநடுவே எழுந்து பார்மசி படிக்கச் சொன்னேன். ஏன் பார்மசி என்றால், மச்சான், நம் தாமான் குடியிருப்பின் முச்சந்தியிலேயே ஒரு மருந்துக்கடை இருக்கிறது. உள்ளே ஏர்கோன். வெயில் கிடையாது, மழை கிடையாது, வெள்ளைக் கோட்டு, உட்கார நாற்காலி, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு நடந்தே வந்துவிடலாம். லாரி இஞ்சின் கழற்றவேண்டும் என்று ஆசைப்பட்ட தீபனுக்கும் பார்மசி சொன்னேன். வழக்கறிஞர் ஆகவேண்டும் என்ற ஷாமினிக்கும் பார்மசிதான் சொன்னேன். "அங்கிள், எல்லாரும் மருந்து விக்கப் போயிட்டா யாருக்கு லா சீக்கு வரும்?" என்று அவள் கேட்டாள். அதற்கு நான் பதில் தயாரித்துக்கொண்டு வருவதற்குள் அடுத்த சனிக்கிழமை வந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமைதான் மாதிரி நேர்முகத் தேர்வு. சில படிப்புகளுக்கு ஆளை நேரில் கூப்பிட்டுக் கேட்பார்களாம், அதற்குப் பிள்ளைகளைப் பழக்கவேண்டும் என்றார் டீச்சர். தேர்வுக் குழுத் தலைவராக நானே இருந்தேன். என் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். பட்டன் சேரவில்லை, ஆனால் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் தெரியாது. முதலில் தீபன் வந்தான்.

"எதற்காக இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்டேன்.

"அங்கிள்தான் எடுக்கச் சொன்னீங்க."

"நான் சொன்னேன்னு சொல்லக்கூடாது."

"அப்ப வேற யார் சொன்னதா சொல்லணும் அங்கிள்?"

சரளா டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொள்வதுபோல் கைக்குட்டையை எடுத்தவர் அதைக் கீழே இறக்கவேயில்லை. அவர் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

பிறகு பமேலா வந்தாள். பள்ளிச் சீருடையில், தலையை இறுக்கிப் பின்னி, கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்து, "குட் ஆஃப்டர்நூன், சார்" என்றாள், பெற்ற அப்பனைப் பார்த்து. எனக்கு நெஞ்சு விரிந்து, சேராத பட்டன் இன்னும் சேராமல் போயிற்று. நீங்கள் என்னவாக விரும்புகிறீர்கள் என்று கேட்டேன், பார்மசி என்று வரப்போகிற பதிலுக்குத் தலையாட்டத் தயாராக.

"கப்பல்ல அதிகாரி, சார். அப்புறம் கேப்டன்."

யாரைச் சொல்கிறாள் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

டீச்சர் நிதானமாக, ஏன் அந்த ஆசை என்று கேட்டார். மச்சான், அப்போது அவள் பேச ஆரம்பித்தாள். சரக்குக் கப்பல் எப்படித் திசை பார்க்கிறது, நீரோட்டம் என்றால் என்ன, பொழுது விடியும்போது எந்த அதிகாரி மேலே நின்று பார்க்கவேண்டும், நம் வீட்டு அரிசியும் என் தொழிற்சாலை டைல்ஸும் எப்படிக் கடல் தாண்டிப் போய் வருகின்றன, கிள்ளான் துறைமுகத்துக்குப் பள்ளியிலிருந்து போயிருந்தபோது தொப்பி போட்ட ஒரு பெண் அதிகாரி ஏணியில் இறங்கி வந்ததைப் பார்த்தது, அன்றிலிருந்து வேறு எதுவும் மனதில் ஓடாதது. எல்லாவற்றையும் சொன்னாள். யாரோ ஒருவருடைய கெட்டிக்கார மகள் பேசுவதைக் கேட்பதுபோல் நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் நிறுத்தியதும்தான் அது என் மகள் என்பது ஞாபகம் வந்தது.

"தேர்வு முடிந்தது. ஃபெயில்," என்றேன்.

"சார், ஃபெயில்னா காரணம் சொல்லணும்," என்றார் டீச்சர்.

"வாந்தி," என்றேன்.

காரணம் உண்மைதான் மச்சான். மூன்றாம் ஆண்டு படிக்கும்போது பங்கோர் தீவுக்குக் கூட்டிப்போனோமே, லூமுட் கரையில் படகு ஏறியதிலிருந்து தீவில் இறங்குகிறவரைக்கும் வாந்தி எடுத்தாள். திரும்பி வரும்போது படகின் கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள். காரில் கேமரன் மலைக்குப் போனாலும் வாந்தி எடுக்காமல் தாப்பா ஊரைத் தாண்டமாட்டாள். இவள் எப்படிக் கப்பலில் போவாள்? நான் இதைச் சொன்னதும் பமேலா "தேங்க்யூ சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மோட்டார்சைக்கிளில் என் பின்னால் உட்கார்ந்திருந்தவள் என் தோளைப் பிடிக்காமல் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பெட்ரீசியா நம் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். உங்கள் தங்கை எப்போது என் பக்கம் பேசியிருக்கிறாள். "பாதி வருஷம் கடல்ல இருப்பாளாம், பாதி வருஷம் வீட்டுலயே இருப்பாளாம். மருந்துக்கடைக்காரியா கட்டிக்கொடுத்தா, வருஷத்துல பாதி நாள் வந்து நம்மகூட இருப்பாளா? அதைச் சொல்லுங்க முதல்ல," என்றாள். இந்த வீட்டில் எனக்குப் பதில் இல்லாத கேள்விகள் சேர்ந்துகொண்டே போகின்றன.

ஆகையால் ஒரு திட்டம் போட்டேன். பிள்ளைகளைக் கல்விச் சுற்றுலாவாக லூமுட்டுக்குக் கூட்டிப்போவது, துறைமுகத்தை வெளியிலிருந்து காட்டுவது, அப்படியே பங்கோருக்குப் படகில் ஒரு நடை. பமேலா வாந்தி எடுப்பாள், தானாகவே மனம் மாறுவாள், நான் எதுவும் சொல்லவேண்டியதில்லை. போன சனிக்கிழமை கோயில் வேனை எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். சித்தியவானில் பசியாற நிறுத்தினோம். அவளுக்கு நாசி லெமாக் வாங்கி, காரச் சம்பலை இரண்டு மடங்காகப் போடச்சொன்னேன். இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. அவள் கொஞ்சம் சோற்றை மட்டும் கிள்ளிச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைத் தீபனிடம் தள்ளினாள். தீபன் எல்லாருடைய மிச்சத்தையும் சாப்பிட்டான். பிறகு பமேலா பையிலிருந்து இஞ்சி மிட்டாய் எடுத்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு எனக்கும் ஒன்றை நீட்டினாள். எனக்கெதற்கு என்று சொல்லிவிட்டேன்.

லூமுட்டில் பெரிய படகுக்குக் கூட்டம் இல்லை, ஏறியிருக்கலாம். நான்தான் வேண்டுமென்றே, பிள்ளைகளுக்குக் கடலைக் கிட்டத்தில் பார்க்கக் கிடைக்கும் என்று சொல்லிச் சின்னப் படகு ஒன்றைப் பேசினேன். சின்னதுதான் நன்றாக ஆடும். தீவுக்கு மேலே வானம் கறுத்திருந்தது. "சார், மழை வர மாதிரி இருக்கே, பெரிசுலயே போலாமே," என்றார் சரளா டீச்சர். படகுக்கார மலாய்க்காரர், நாங்கள் பாக்சிக் என்று கூப்பிட்ட வெள்ளை மீசைப் பெரியவர், இதெல்லாம் சின்ன மழை என்று கையை வீசினார். நான் அந்தக் கையை நம்பினேன். எல்லாருக்கும் மிதவைச் சட்டை கொடுத்தார். தீபனுக்கு மட்டும் அது கழுத்துக்கட்டை போல் நின்றது.

பாதிக் கடலில் மழை பிடித்துக்கொண்டது. காற்று பக்கவாட்டில் அடித்தது. முதலில் யார் வாந்தி எடுத்தது என்று நினைக்கிறீர்கள்? நான்தான் மச்சான். நாசி லெமாக்கும் போயிற்று, முந்தின நாள் சாப்பிட்டதும் போயிற்று, அதற்கு முந்தின வாரத்தினுடையதும் கொஞ்சம் போயிருக்கும். அடுத்தது தீபன், அதை விவரிக்கவேண்டாம். அந்த நேரம் பார்த்து இஞ்சின் நின்றது. யாரோ விட்ட பழைய மீன்வலை ஒன்று தண்ணீருக்குள் மிதந்து வந்து விசிறியில் சுற்றிக்கொண்டதாம். இஞ்சின் நின்றதும் படகு அலைக்குக் குறுக்காகத் திரும்பி, இந்தப் பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்தது. ஷாமினி டீச்சரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். தீபன் கண்ணை மூடிக்கொண்டு "முருகா, முருகா" என்றான். நான் ஒவ்வொரு முருகாவுக்கும் "ஆமென்" சொன்னேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு பேர் பெற்ற பிள்ளைகளை, என் ஒரு பிள்ளையை வாந்தி எடுக்கவைப்பதற்காக இந்தக் கடலில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். சிரிப்பாக எழுதுகிறேனே தவிர, மச்சான், அந்தக் கொஞ்ச நேரம் என் கண்முன்னால் இவர்களுடைய அப்பா அம்மா முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மாதாவே, இவர்களைக் கரையில் விட்டுவிடு, அவள் என்ன வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பமேலா எழுந்து நின்றாள். கம்பியைப் பிடித்துப் பிடித்து ஒவ்வொரு பிள்ளையாகப் போய் மிதவைச் சட்டையின் வாரை இறுக்கினாள். பிளாஸ்டிக் பைகளைக் கையில் கொடுத்தாள். "கண்ண மூடாதீங்க. மூடினா இன்னும் சுத்தும். அந்தத் தீவு மலை தெரியுதில்ல, அதையே பாருங்க," என்றாள். பாக்சிக் படகின் பின்பக்கம் குனிந்து கத்தியால் வலையை அறுக்கப் பார்த்தார், ஆனால் அலை அவரைத் தள்ளியது. யாராவது பிடித்துக்கொள்ளுங்கள் என்று அவர் மலாயில் கத்தியபோது ஆண்பிள்ளைகள் நாங்கள் பைகளோடு இருந்தோம். இவள்தான் போய், ஒரு காலைப் பலகையில் முட்டுக்கொடுத்து அவர் இடுப்பு வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் வலையை அறுத்து எடுத்ததும், அவள் திரும்பி, ஒரு பையைப் பிரித்து, நன்றாக வாந்தி எடுத்தாள்.

பார்த்தாயா என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவ்வளவு கஷ்டத்திலும் எனக்கு அந்த அற்ப ஆசை விடவில்லை. ஆனால் திறந்த வாயிலிருந்து வேறுதான் வந்தது. அவள் தன் பையை முடிச்சுப் போட்டு வைத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து என் முதுகைத் தடவினாள்.

"டேடி, கீழ பார்க்காதீங்க. தூரமா பாருங்க."

"நீயும்தானே வாந்தி எடுத்தே?"

"ஆமா டேடி. எடுத்தாச்சுல்ல. இனி வேலையப் பார்க்கணும்."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள் என்று உங்களுக்கு எழுத்தில் காட்டமுடியவில்லை.

தீவில் இறங்கியதும் நான் படகுத்துறைப் பலகையிலேயே மல்லாந்து படுத்துவிட்டேன். பாக்சிக் பமேலாவைக் காட்டி, "இனி அனாக் சியாப்பா?" என்று கேட்டார். இது யார் பிள்ளை என்று கேட்டதும் எல்லாரும் என்னைக் கைகாட்டினார்கள். "அனாக் சாயா," என்று படுத்தபடியே சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். நம்பவில்லை என்று நினைக்கிறேன். திரும்புவதற்குப் பெரிய படகு வந்தபோது நான் ஏற மாட்டேன், இனிமேல் பங்கோரிலேயே வேலை தேடிக்கொள்கிறேன் என்று சொன்னேன். பமேலா என் வாயில் ஓர் இஞ்சி மிட்டாயைப் போட்டு, கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். கரை வரும்வரை அந்தக் கையை விடவில்லை.

அதன் பலனையும் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் ஷாமினியின் அம்மா எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஏசப்போகிறார் என்று நான் மாதா சொரூபத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் தேடிக் கண்டுபிடித்து நன்றி சொன்னார். வெளிநாட்டில்தான் சட்டம் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்ற பெண், இனித் தண்ணீர் தாண்டிப் போகமாட்டேன், ஈப்போவிலேயே ஆறாம் படிவம் போகிறேன் என்று சொல்லிவிட்டாளாம். தீபன் டீச்சரிடம் போய், படகு இஞ்சின் பழுதுபார்க்க எங்கே டிப்ளோமா இருக்கிறது என்று கேட்டிருக்கிறான். ஆக, யாருக்காக நான் திட்டம் போட்டேனோ அவளைத் தவிர மற்ற எல்லாருக்கும் அது வேலை செய்துவிட்டது.

கடலில் வேண்டிக்கொண்டது என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கரைக்கு வந்ததும் மனது மாறிவிட்டது மச்சான். மாதா மன்னிப்பார், அவரும் ஒரு பிள்ளையைப் பெற்றவர்தானே. உங்களிடம் மறைப்பானேன், வாந்தி ஒரு சாக்கு. பங்கோரிலிருந்து வந்த நாள் முதல் அவள் என்னோடு பேசுகிறாள். சாப்பிட உட்கார்ந்தால் பேசுகிறாள், மோட்டார்சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து காற்றில் கத்திப் பேசுகிறாள். கொடி பற்றி, விளக்கு பற்றி, இந்தியப் பெருங்கடல் பற்றி. நானும் ம், ம் என்று கேட்கிறேன். இரண்டு வருஷம் கழித்து இப்போதுதான் பிள்ளை வாயைத் திறந்திருக்கிறது, ஆனால் திறந்த வாயில் பேசுவதெல்லாம் போவதைப் பற்றித்தான். ஒரே பிள்ளை. அவள் போய்விட்டால் நான் யாரிடம் போய்ச் சாப்பிட்டாயா என்று கேட்பேன். முச்சந்தி மருந்துக்கடை என்றால் தினமும் எட்டிப் பார்க்கலாம், இருமல் மருந்து வாங்குகிற சாக்கில்.

ஆகையால் நீங்கள் வந்து, கடல் மிகவும் பெரியது என்று சொல்லுங்கள். புயலைச் சொல்லுங்கள், கொள்ளைக்காரர்களைச் சொல்லுங்கள், கப்பலில் சாப்பாடு நன்றாக இருக்காது என்று சொல்லுங்கள். உங்கள் முழங்காலைக் காட்டி, மாமாவுக்கு முடியாமல் போனால் நடுக்கடலிலிருந்து எப்படி வருவாய் என்று கேளுங்கள். என் பெயரை மட்டும் எடுக்காதீர்கள். அவள் எதிர்க்கேள்வி கேட்டால் பதில் சொல்லப் போகாதீர்கள், அந்த வழியில் போன யாரும் ஜெயித்து வந்ததில்லை. பேசாமல் தே தாரிக்கைக் குடித்துக்கொண்டு வருத்தமாக முகத்தை வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது இயல்பாகவே வரும்.

அக்காவுக்கு எங்கள் அன்பைச் சொல்லவும். உங்கள் வீட்டு வாசலில் நடமாடுகிற மனிதர், மாடு, கோழி எல்லாவற்றுக்கும் ஆண்டவர் குறை வைக்காமல் இருப்பாராக. உங்கள் வயல் நிறைய விளையவும், உங்கள் கால் தடையில்லாமல் மடங்கவும், மாதா உங்கள் குடும்பத்தைத் தம் முந்தானையில் வைத்துக் காக்கவும் வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

உங்கள் வருகையை வழிமேல் விழிவைத்துப் பார்த்திருக்கும்
மைத்துனன்
லூயிஸ்

பி.கு.: மச்சான், மேலே உள்ளதைப் படிக்காமல் இதை மட்டும் படிக்கவும். கையெழுத்துப் போட்டுவிட்டு உறையைத் தேடிக்கொண்டிருந்தபோது பமேலா பள்ளியிலிருந்து வந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என் எதிரே நின்று, "டேடி, அந்தப் படிப்புக்கு நீச்சல் தெரிஞ்சிருந்தா நல்லதுன்னு டீச்சர் சொன்னாங்க. ஞாயித்துக்கிழமை காலையில நீச்சல் குளத்துல கிளாஸ் இருக்கு. பெரியவங்களுக்கும் உண்டாம். தனியா போக எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. நீங்களும் வாரீங்களா?" என்று கேட்டாள். முடியாது என்கிற வார்த்தை என் வாயில் தயாராக இருந்தது. "எத்தனை மணிக்கு?" என்றுதான் வெளியே வந்தது. நாளை மறுநாளே ஆரம்பம், அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும். பூசைக்கு இனிச் சனிக்கிழமை சாயங்காலமே போய்விடுவோம். ஆகையால் அடுத்த ஞாயிறு நீங்கள் வரவேண்டாம், வந்தால் வீடு பூட்டியிருக்கும். அதையும் மீறி வந்துவிட்டால் நான் மேலே எழுதியிருப்பதில் ஒரு எழுத்தும் பேசாமல், கப்பல் படிப்பு நல்ல படிப்பு என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போகவும். எனக்குத் தண்ணீரில் இறங்கிப் பழக்கமில்லையே என்று அக்கா பயப்படுவார், பயப்படவேண்டாம் என்று சொல்லுங்கள். பமேலா சொல்லிவிட்டாள்: "நீங்க ஆழமில்லாத பக்கத்துல கம்பியப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க டேடி. மத்ததை நான் பார்த்துக்கிறேன்."